கணிப்பொறி ஏன் கண் விழிக்கவில்லை?

நம் இயற்பியல் துறையில் இருட்டறையை அடுத்துள்ள சிறிய அறையில் ஒரு பழைய கணிப்பொறி இருப்பதைத் துறை மாணவர் அனைவரும் அறிவர். அது 2003ஆம் ஆண்டில் வாங்கப்பட்டதாக இருப்புப் பதிவேடு கூறுகிறது. பெண்டியம் 4 வகைச் செயலி, 256 மெகாபைட் நினைவகம், 40 ஜிகாபைட் ஹார்டு டிஸ்க். நம் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசி இதனினும் பன்மடங்கு ஆற்றல் உடையது. பிற துறை நண்பர்கள் அறையை எட்டிப் பார்த்து, "இதை இன்னுமா வைத்திருக்கிறீர்கள்?" என்று கேலி செய்வதுண்டு.

வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. அதன் பின்புறத்தில் 25 துளைகள் கொண்ட பிரிண்டர் போர்ட் இருக்கிறது. நமக்கு முன் படித்த மாணவர் சிலர் ஏ.டி.சி. 0804 என்னும் ஐ.சி.யைக் கொண்டு ஒரு சிறு மின்சுற்று அமைத்து, அத்துளைகளின் வழியே கணிப்பொறியுடன் இணைத்துள்ளனர். தெர்மிஸ்டரில் தோன்றும் மின்னழுத்தத்தை 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணாக அது மாற்றித் தரும். 888 என்னும் முகவரி வழியாக அச்சுற்றுடன் பேசி எண்ணை வாங்கிக்கொள்ளும் நிரலும் அவர்கள் எழுதியதே. புதிய கணிப்பொறிகளில் இந்தத் துளைவரிசையே கிடையாது. புதிய விண்டோஸ் வகைகள் ஒரு நிரலைப் போர்ட்டுடன் நேரடியாகப் பேச விடுவதும் இல்லை. ஆகவே விண்டோஸ் 98 ஓடும் இந்தக் கிழட்டுப் பொறியே எங்களுக்குக் கதி. இறுதியாண்டு மாணவர் அறுவர், திரவங்கள் குளிரும் வேகத்தை இதில்தான் பதிவு செய்து வந்தோம்.

2024ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் திங்கட்கிழமை காலை பொத்தானை அழுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது, விசிறி சுழன்றது, திரை இருண்டே கிடந்தது. அணைத்துவிட்டு மீண்டும் அழுத்தினேன். அதே நிலைதான். செய்முறைத் தேர்வுக்கு ஐந்து வாரங்களே இருந்தன.

முந்தைய சனிக்கிழமை மாலையில் எங்கள் ஆய்வக உதவியாளர் அறையை ஈரத்துணியால் துடைத்திருந்தார். அன்று மேல்நிலைத் தொட்டி வழிந்து, தாழ்வாரத்திலும் நீர் நின்றது. காரணம் எல்லோருக்கும் உடனே கிடைத்துவிட்டது. "தண்ணி உள்ள போயிருக்கும்" என்றார் ஒருவர். "போயிருக்கும்" என்று நானும் சொன்னேன். அவர் கதவருகில்தான் நின்றுகொண்டிருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி, அந்த மே மாதம் ஓய்வு பெற இருந்தவர். அறையின் பொருள்கள் அவர் பொறுப்பில் இருந்தமையால், பொறியின் மதிப்பை அவரிடமே பிடித்தம் செய்ய நேரிடுமோ என்ற பேச்சும் அன்று மாலைக்குள் எழுந்துவிட்டது.

பொறியின் நோயைத் தேடிய வரலாற்றைச் சொல்லுமுன், பொத்தானை அழுத்தியதும் உள்ளே நடப்பது யாது என்பதைச் சற்றுப் பார்ப்போம். இதை அறியாமல் நான் முதல் இரண்டு நாள்களை வீணாக்கினேன்.

நம்மில் பலர் பெட்டி முழுவதையுமே சி.பி.யு. என்கிறோம். உண்மையில் சி.பி.யு. என்பது உள்ளே இருக்கும் செயலிச் சில்லு மட்டுமே. பெட்டியின் மூலையில் இருக்கும் தகரக்கூடு எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கி. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டங்களாக மாற்றுவது அதன் வேலை. 1995இல் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்னும் அமைப்பு முறையில், பிளக்கைச் செருகிய உடனேயே ஊதா நிறக் கம்பியில் 5 வோல்ட் வந்துவிடும். பொறி உறங்கும்போதும் இந்தக் கம்பி மட்டும் விழித்திருக்கும். நாம் பொத்தானை அழுத்தும்போது மதர்போர்டு பச்சைக் கம்பியின் மின்னழுத்தத்தைச் சுழிக்கு இறக்குகிறது. அதுவே மின்வழங்கிக்குக் கட்டளை. அது மற்ற மின்னழுத்தங்களை எழுப்பி, அவை நிலைப்பட்டன என்று கண்ட பின், 0.1 முதல் 0.5 நொடிக்குள் சாம்பல் நிறக் கம்பியில் 5 வோல்ட் தந்து, "நான் தயார்" எனத் தெரிவிக்கிறது. அந்தக் குறி வரும்வரை செயலி அசையாது.

குறி வந்ததும் செயலி தன் முதல் கட்டளையை ஒரு குறித்த முகவரியிலிருந்து எடுக்கிறது. 1981ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகம் செய்த முதல் பி.சி.யில் இன்டெல் 8088 செயலி இருந்தது. அதனால் 10,48,576 பைட்டுகளை முகவரியிட இயலும். அந்த எல்லைக்குச் சரியாக 16 பைட்டு முன்னதாக உள்ள இடமே அதன் தொடக்கம். அங்கே பயாஸ் என்னும் நிரந்தர நிரல் குடியிருந்தது. செயலிகள் எவ்வளவோ வளர்ந்த பின்னும், முகவரி எல்லையின் கடைசி 16 பைட்டில் கண் திறக்கும் அந்த வழக்கம் மாறவில்லை. பயாஸ் முதலில் செய்வது தற்சோதனை: தன்னைச் சோதித்து, நினைவகத்தைச் சோதித்து, திரைக்குரிய அட்டையை எழுப்பி, விசைப்பலகையையும் தட்டுகளையும் தேடும். அந்த முதல் பி.சி.யே நினைவகத்தில் பிழையெனில் 201 என்றும், விசைப்பலகையில் பிழையெனில் 301 என்றும் திரையில் எண் காட்டியது. எல்லாம் சரியெனில் ஒரே ஒரு 'பீப்'. இறுதியாக ஹார்டு டிஸ்க்கின் முதல் 512 பைட்டுகளைப் படித்து, கடைசி இரு பைட்டுகள் 85, 170 என்று இருந்தால், பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

இதை ஒரு தொடர் ஓட்டமாகக் கொள்ளலாம். ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குக் கோல் செல்கிறது. கோல் எந்தக் கையில் நின்றது என்று கண்டுவிட்டால், அதற்குப் பின்னால் நிற்பவர்களைச் சோதிக்கத் தேவையில்லை. 'ஹார்டு டிஸ்க் இல்லை' என்று திரையில் செய்தி வருகிறதா? அப்படியானால் மின்சாரம், செயலி, நினைவகம், திரை நான்கும் நலம். திரை இருண்டு, பீப் ஒலி மட்டும் வருகிறதா? செயலியும் பயாஸும் உயிரோடு இருக்கின்றன. எதுவுமே இல்லையா? அப்படியானால் தேட வேண்டிய இடம் மின்சாரத்திற்கும் செயலிக்கும் இடையே. இவ்வளவு எளிய பாகுபாடு எனக்கு முதல் நாளில் தோன்றவில்லை.

முதல் நாள் நான் செய்த முதற்பிழை, திரும்பத் திரும்பப் பொத்தானை அழுத்தியது. எங்கள் பேராசிரியை வந்து, "முதல்ல டிஸ்க்கைக் கழற்று. அளவீடு எல்லாம் அதுலதானே இருக்கு? மின்சாரம் சரியில்லைன்னா அதையும் சேர்த்துக் கெடுத்துடும்" என்று கடிந்தார். கழற்றினோம். யு.எஸ்.பி. மாற்றியொன்றைக் கணிப்பொறி அறிவியல் துறையில் வாங்கி, அறுவரின் அளவீடுகளையும் அங்கிருந்த கணிப்பொறியில் நகல் எடுத்தோம். மூன்று மாத உழைப்பு அரை மணியில் பாதுகாப்பாயிற்று. இதைச் செய்த பின்புதான் சோதனையைத் தொடங்கலாம் என்பது அவர் கட்டளை.

பின்னர் நினைவக அட்டையைக் கழற்றி, அதன் பொன்னிறத் தொடுமுனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்து மாட்டினேன். நம் ஊரில் இது எல்லோரும் அறிந்த வைத்தியம். தொடுமுனையில் படியும் அழுக்கைப் போக்குவதால் பல வேளைகளில் பலிக்கவும் செய்யும். பகல் இரண்டு மணிக்கு அழுத்தினேன். திரை ஒளிர்ந்தது! டிஸ்க் இல்லை என்று செய்தியும் வந்தது. ரப்பரின் பெருமையை அன்று நான் சொல்லாத ஆளில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் மீண்டும் இருட்டு.

இம்முறை மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ மின்கலத்தின் மேல் என் ஐயம் சென்றது. சி.ஆர். 2032 என்பது அதன் பெயர். விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர் என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும். மின்சாரம் இல்லாதபோது நேரத்தையும் சில அமைப்புகளையும் நினைவில் வைத்திருக்க அது உதவுகிறது. மல்டிமீட்டரில் 2.3 வோல்ட் காட்டியது. 3 வோல்ட் இருக்க வேண்டும். புதியது வாங்கி மாட்டினேன். பகலில் பொறி ஓடியது. மின்கலம்தான் காரணம் என்று இம்முறை அறிவித்தேன். தீர்ந்த மின்கலத்தால் தேதி தவறும், அமைப்புகள் மறக்கும், சில பொறிகள் தொடங்கும்போது ஒரு விசையை அழுத்தச் சொல்லி நிற்கும். இருண்ட திரைக்கு அது காரணமாவது அரிது. இதை அன்றே படித்திருந்தால் புதனன்று காலையில் நான் தலைகுனிந்திருக்க வேண்டியதில்லை.

புதனன்று முறையாகத் தொடங்கினேன். பொறியில் நினைவகம் இல்லாவிட்டால் பயாஸ் நீண்ட பீப் ஒலிகளைத் திரும்பத் திரும்ப எழுப்பி முறையிட வேண்டும். எங்களுடையது அவார்டு வகைப் பயாஸ். அதில் ஒரு நீண்ட ஒலியும் இரு குறுகிய ஒலிகளும் வந்தால் திரை அட்டையில் கோளாறு. அமி வகைப் பயாஸில் கணக்கு வேறு: மூன்று குறுகிய ஒலிகள் நினைவகம், எட்டுக் குறுகிய ஒலிகள் திரையின் நினைவகம். ஆதலால் ஒலியை எண்ணுமுன் எந்தப் பயாஸ் என்று அறிய வேண்டும். நினைவகத்தைக் கழற்றிவிட்டு அழுத்தினேன். ஒலி இல்லை. செயலி இறந்தது என்று குறிப்பேட்டில் எழுதியும் விட்டேன். தற்செயலாகக் குனிந்து பார்த்தபோது, பெட்டியின் சிறிய ஒலிபெருக்கியின் கம்பி எதிலும் மாட்டப்படாமல் தொங்கியது! எத்தனை ஆண்டுகளாகத் தொங்கியதோ. வெர்னியரின் சுழிப்பிழையைப் பார்க்காமல் அளவெடுத்த கதைதான். எழுதியதை அடித்துவிட்டு, கம்பியை மாட்டி, மீண்டும் அழுத்தினேன். இப்போதும் ஒலி இல்லை. ஆனால் இந்த மௌனத்திற்குப் பொருள் உண்டு. செயலி பயாஸின் முதல் வரிகளையே படிக்கவில்லை என்பது அப்பொருள்.

ஆகவே மின்வழங்கியைச் சோதித்தேன். மதர்போர்டிலிருந்து இணைப்பைக் கழற்றி, பச்சைக் கம்பியை ஒரு கறுப்புக் கம்பியுடன் வளைத்த காகித ஊசியால் இணைத்தால் அது தானே ஓடும். 12.1, 5.06, 3.32 என்று காட்டியது. ஏ.டி.எக்ஸ். விதிப்படி இம்மூன்றிலும் 5 விழுக்காடு வரை ஏற்ற இறக்கம் இருக்கலாம். அதாவது 12 வோல்ட் என்பது 11.4க்கும் 12.6க்கும் இடையே இருக்க வேண்டும். ஆயினும் சுமையில்லாத மின்வழங்கியின் அளவு நம்பத்தக்கதன்று. அகத்தடை மிகுந்த பழைய மின்கலமும் வோல்ட்மீட்டரில் முழு மின்னழுத்தம் காட்டும். விளக்கை இணைத்தால்தான் அதன் குட்டு வெளிப்படும். எனவே மதர்போர்டுடன் இணைத்து, ஓடும் நிலையில் இணைப்பானின் பின்புறத்திலிருந்து அளந்தேன். 11.9, 4.97, 3.29, சாம்பல் கம்பியிலும் 5 வோல்ட். செயலிக்கென்று தனியே 12 வோல்ட் தரும் நான்கு முனை இணைப்பும் அழுந்த மாட்டப்பட்டிருந்தது. பலர் அதை மாட்ட மறந்துவிட்டுப் பொறி கெட்டது என்பார்கள். விசிறி சுழலும், திரை இருளும், எங்கள் பொறியின் நிலை அப்படியே வரும்.

ஓர் எச்சரிக்கை. மின்வழங்கியின் தகரக்கூட்டை மட்டும் நம்மில் யாரும் திறக்கக் கூடாது. 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தின் உச்சமதிப்பு ஏறத்தாழ 325 வோல்ட் என்பதை நாம் படித்திருக்கிறோம். அதனுள் இருக்கும் பெரிய மின்தேக்கிகள் அந்த அளவுக்கு ஏற்றம் பெற்றிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் சிறிது நேரம் அதை விடா.

அன்று மாலை கடைவீதியில் பழுது பார்க்கும் ஒருவரிடம் நிலைமையைச் சொன்னேன். "போஸ்ட் கார்டு போட்டுப் பாத்தீங்களா தம்பி?" என்றார். யாருக்குக் கடிதம் எழுதச் சொல்கிறார் என்று ஒரு கணம் திகைத்தேன். பின்பு அவர் ஒரு சிறிய அட்டையை எடுத்துக் கொடுத்தார். மதர்போர்டின் துளைவரிசையில் அதைச் செருகினால், தற்சோதனை எந்தப் படியில் இருக்கிறது என்பதை இரண்டு எழுத்தெண்களில் காட்டும். பயாஸ் ஒவ்வொரு படியிலும் 128 என்ற முகவரிக்கு ஓர் எண்ணை எழுதுகிறது. அட்டை அதைப் பிடித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். வியாழன் காலையில் செருகினேன். 00 என்று நின்றது, மாறவே இல்லை. பகலில் செருகியபோது எண்கள் மளமளவென்று ஓடித் திரை ஒளிர்ந்தது. கோல் கைமாறாத இடம் தெரிந்துவிட்டது: மின்வழங்கி தயார் என்ற பின், செயலி முதல் கட்டளையை எடுக்குமுன்.

ஆனால் காலையில் நின்றது பகலில் ஓடுவானேன்? "ஈரம் காய்ந்து விடுகிறது, ஓடுகிறது" என்றார்கள். மறுப்பதற்கு என்னிடம் விடை இல்லை. துறைத் தலைவரின் மேசையில் விளக்கம் கேட்கும் கடிதம் தயாராகிக்கொண்டிருந்தது.

அன்று பிற்பகல் அறையைப் பூட்ட வந்த உதவியாளரிடம் நான் முதன்முறையாகக் கேட்டேன்: "அண்ணே, தினமும் நீங்கதானே காலையில இதைப் போட்டு வைப்பீங்க? இதுக்கு முன்னாடி எப்பவாவது இப்படி மக்கர் பண்ணியிருக்கா?"

"எப்பவாவதா? போன ஐப்பசி மழையிலேருந்தே இப்படித்தான் தம்பி. காலையில ரெண்டு தடவை, மூணு தடவை அழுத்தணும். மார்கழியில அஞ்சாறு தடவை ஆச்சு. நீங்கள்லாம் பத்து மணிக்கு வருவீங்க. அதுக்குள்ள நான் எடுத்து வெச்சிருவேன்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"யாரு கேட்டா?"

ஐப்பசியில் தொடங்கிய நோய்க்கு மார்கழியில் துடைத்த நீர் காரணமாகாது. பொறியின் வரலாற்றை முழுதாக அறிந்தவர் நான்கு நாள்களாக எங்களுக்கு முன்னாலேயே நடமாடியிருக்கிறார். கருவிகளையெல்லாம் கேட்டேன், அவரைக் கேட்கவில்லை.

ஆனால் அவர் சொல்லை மட்டும் கொண்டு போனால், தன்னைக் காத்துக்கொள்ளச் சொல்கிறார் என்பார்கள். ஈரம் காரணமா, குளிர் காரணமா என்று பிரித்துக் காட்ட ஒரு சோதனை வேண்டும். மறுநாள் வெள்ளிக்கிழமை மாலை, பொங்கல் விடுமுறைக்கு முன், பெட்டியின் பக்கத் தகடுகளைக் கழற்றி, பொறியை ஒரு பெரிய அட்டைப் பெட்டிக்குள் வைத்தோம். வேதியியல் துறையில் கேட்டு வாங்கிய நீல நிற சிலிக்கா ஜெல்லை இரண்டு தட்டுகளில் பரப்பி உள்ளே வைத்து, இடுக்குகளை ஒட்டு நாடாவால் அடைத்தோம். ஈரத்தை உறிஞ்சினால் அது வெளிர்சிவப்பாக மாறும். 18ஆம் நாள் வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்குப் பேராசிரியையின் முன்னிலையில் திறந்தோம். மேலடுக்கில் சில மணிகள் மட்டுமே நிறம் மாறியிருந்தன. மற்றவை நீலமாகவே இருந்தன. ஐந்து நாள்களுக்கு மேல் உலர்ந்த காற்றில் இருந்த பொறியை அழுத்தினேன். தை பிறந்தும் குளிர் விடவில்லை. திரை இருண்டே இருந்தது; அட்டையில் 00.

இனி வெப்பம். நாடகக் குழுவின் ஒப்பனைப் பெட்டியிலிருந்து முடி உலர்த்தும் கருவி ஒன்றை இரவல் வாங்கியிருந்தோம். முதலில் நினைவகம் இருக்கும் பக்கம் இரண்டு நிமிடம் வெப்பக்காற்றை வீசினோம். பயனில்லை. அடுத்துச் செயலியின் பக்கம் வீசுவதற்காக அங்கிருந்த தூசியை உலர்ந்த தூரிகையால் தட்டினேன். விரல் கனத்துக்குப் படிந்திருந்த தூசி. அதில் நீர் பட்ட தடமோ கறையோ எங்கும் இல்லை. தூசி அகன்றதும், செயலியின் பெரிய விசிறிக்கும் பின்புறத் தகட்டுக்கும் இடையே வரிசையாக நின்ற மின்தேக்கிகள் தெரிந்தன. ஐந்தில் மூன்றின் தலை உப்பியிருந்தது. ஒன்றின் உச்சியில் பழுப்பு நிறப் பிசுபிசுப்பு. அவ்விடத்தில் இரண்டு நிமிடம் வெப்பம் காட்டி அழுத்தினேன். பீப்! திரை ஒளிர்ந்தது. அணைத்து, ஆறவிட்டு, மீண்டும் அழுத்தினேன், இருட்டு. வெப்பம், ஒளி. நான்கு முறை மாற்றி மாற்றிச் செய்தோம். நான்கு முறையும் பிசகவில்லை.

இதன் இயற்பியலை நாம் வகுப்பிலேயே படித்துள்ளோம். பெண்டியம் 4 செயலி ஏறத்தாழ 60 வாட் திறனை வாங்குகிறது. அதற்குரிய மின்னழுத்தமோ சுமார் 1.5 வோல்ட். திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் 40 ஆம்பியர்! ஒரு வீட்டின் மொத்த மின்னோட்டத்தைவிட மிகுதி. மின்வழங்கி தரும் 12 வோல்ட்டை 1.5 வோல்ட்டாக இறக்கும் சுற்று, செயலியின் அருகிலேயே மதர்போர்டில் அமைந்து, நொடிக்கு லட்சக்கணக்கான முறை திறந்து மூடுகிறது. அந்தத் துடிப்புகளைச் சமப்படுத்துவதே இந்த மின்தேக்கிகளின் பணி. மின்பகு திரவம் உள்ளே குறைந்தால் அவற்றின் அகத்தடை ஏறுகிறது. ஓர் ஆம்பியர் துடிப்பு 0.02 ஓம் வழியே செல்லும்போது தோன்றும் அலைவு 0.02 வோல்ட், அகத்தடை 0.5 ஓம் ஆகிவிட்டால் அதே துடிப்பு அரை வோல்ட் அலைவாகும். 1.5 வோல்ட்டில் அரை வோல்ட் ஆடினால் செயலி எப்படிக் கண் திறக்கும்? மல்டிமீட்டர் சராசரியை மட்டுமே காட்டுவதால் இந்த ஆட்டம் அதற்குத் தெரியாது.

குளிருக்கு இதில் என்ன பங்கு? வெப்பநிலை குறையும்போது மின்பகு திரவத்தில் அயனிகளின் இயக்கம் மந்தப்படுகிறது. அகத்தடை மேலும் ஏறுகிறது. நல்ல மின்தேக்கியில் இந்த வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. தேய்ந்த மின்தேக்கி விளிம்பில் நிற்பதால், காலைக் குளிர் அதை அந்தப் பக்கமும், பகல் வெயில் இந்தப் பக்கமும் தள்ளிவிடுகின்றன. என் ரப்பரையும் புதிய மின்கலத்தையும் வெற்றி பெறச் செய்தது இரண்டு மணி வெயில்தான்.

1999 முதல் 2007 வரையிலான காலத்தில் வெளிவந்த பல மதர்போர்டுகளில், மின்பகு திரவத்தின் சேர்க்கை சரியில்லாத மின்தேக்கிகள் இடம்பெற்று, உள்ளே ஹைட்ரஜன் வாயு சேர்ந்து உப்பி வெடித்தது உலகமெங்கும் பேசப்பட்டது. தலையில் சிலுவை போன்ற வெட்டுக்கோடு இருப்பதே, வாயு மிகும்போது அவ்விடத்தில் பிளந்துகொள்ளட்டும் என்பதற்காகத்தான். நல்ல திரவமாயினும் மூப்பு உண்டு. வெப்பநிலை 10 பாகை ஏறினால் இவ்வகை மின்தேக்கியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுவியலாரின் நடைமுறைக் கணக்கு. செயலியின் வெப்பக்காற்றிலேயே இருபது ஆண்டுகள் நின்றவை இவை.

சென்னை ரிச்சி தெருவிலிருந்து என் மாமா ஐந்து மின்தேக்கிகள் வாங்கி வந்தார்: 3300 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட், 105 பாகை, அகத்தடை குறைந்த வகை. ரேடியோவுக்குப் போடும் சாதாரண வகையைப் போட்டால் அளவு பொருந்தினாலும் சில வாரங்களில் மீண்டும் உப்பும். எங்கள் ஆய்வகத்தின் 25 வாட் சூட்டுக்கோலால் ஈயத்தை உருக்க இயலவில்லை. மதர்போர்டின் உள்ளடுக்குச் செப்புத்தகடு வெப்பத்தையெல்லாம் உறிஞ்சிவிடுகிறது. போஸ்ட் கார்டு தந்தவரே 60 வாட் கோலால் 24ஆம் நாள் மாற்றித் தந்தார். நேர்முனை, எதிர்முனை இடம் மாறாதிருக்கக் கழற்றுமுன் படம் எடுத்து வைத்துக்கொண்டோம். கூலி வாங்க மறுத்தார். தேநீர் மட்டும் குடித்தார். கழற்றியவற்றை நம் துறையின் எல்.சி.ஆர். கருவியில் அளந்தபோது, உப்பிய மூன்றில் ஒன்று 3300க்குப் பதில் 610 மைக்ரோஃபாரட்தான் காட்டியது.

சிலிக்கா ஜெல் சோதனையையும், நான்கு முறை செய்த வெப்பச் சோதனையையும், உதவியாளர் சொன்ன ஐப்பசி வரலாற்றையும் இரண்டு பக்கங்களில் எழுதி, பேராசிரியையின் கையொப்பத்துடன் துறைத் தலைவரிடம் கொடுத்தேன். படித்து முடித்து, உப்பிய மின்தேக்கியை விரலில் உருட்டிப் பார்த்தார். விளக்கம் கேட்கும் கடிதம் அனுப்பப்படவில்லை. முதல் நாள் நான் சொன்ன சொல்லுக்காக உதவியாளரிடம் வருத்தம் தெரிவித்தேன். "அதை விடு தம்பி. இனிமே ஒரே அழுத்துல எடுக்குமா, அதைச் சொல்லு" என்றார்.

தைப்பூசமும் குடியரசு நாளும் வார இறுதியும் சேர்ந்து நான்கு நாள் விடுமுறை வந்தது. 29ஆம் நாள் திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு நாங்கள் அறுவரும் வந்து நின்றோம். பொத்தானை அவரையே அழுத்தச் சொன்னோம். ஒரு பீப் ஒலித்தது. நினைவகம் எண்ணப்பட்டது, டிஸ்க் உறுமியது, விண்டோஸ் 98இன் மேகங்கள் திரையில் வந்தன. கடிகாரத்தைப் பார்த்துக் குறிப்பேட்டில் நேரத்தை எழுதினேன். அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்.

உப்பிய மின்தேக்கிகள் மூன்றும் ஒரு கண்ணாடிக் குப்பியில், துறை அலமாரியின் இரண்டாம் தட்டில் உள்ளன. பார்க்க விரும்பும் நண்பர்கள் கேட்டுப் பார்க்கலாம்.